பேச்சுப் போன பெரியவரோடு எல்லோரும் கதைப்பது எப்படி: பராமரிப்பு இல்லத்துக்குப் புதிதாக வந்த குடும்பங்களுக்கு

என் பெரியம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்தது, அதோடு பேச்சும் போனது. ரொறன்ரோவில் ஒரு நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்தில் இடம் கிடைத்துக் கொண்டுபோய் விட்ட முதல் மாதம் முழுக்க, மத்தியானச் சாப்பாட்டைத் தொடுகிறார் இல்லை என்று எங்களுக்குத் தொலைபேசி வந்துகொண்டே இருந்தது. ஒரு நாள் அந்த நேரத்துக்குப் போய்ப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பணியாளர் அன்பாகத்தான் கேட்டார், சாப்பாடு வேணுமா என்று, ஆங்கிலத்தில். பெரியம்மா நம்மவர்கள் ஆட்டுவதுபோலத் தலையை இரண்டு பக்கமும் மெல்லச் சாய்த்து ஆட்டினார். அவருக்கு அது "ஓம், தா". கேட்ட பெண்ணுக்கு அது "வேண்டாம்". தட்டு போய்விட்டது.

யாரும் கெட்ட மனதோடு செய்யவில்லை. அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்பது எங்களுக்குத் தெரிந்திருந்தது, தாதியருக்கும், பி.எஸ்.டபிள்யூ என்று சொல்லும் அன்றாடப் பராமரிப்பு உதவியாளர்களுக்கும், வார இறுதியில் மட்டும் வருகிற மாற்றுப் பணியாளருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். அதைச் சரிசெய்ய எங்களுக்கு நான்கு மாதம் பிடித்தது. இப்போது தொடங்குகிறவர்களுக்கு அவ்வளவு நாள் தேவைப்படக் கூடாது. அதனால் செய்ததையும் செய்யத் தவறியதையும் வரிசையாக எழுதுகிறேன். சட்டம் பற்றி வருவதெல்லாம் ஒன்ராறியோவுக்கு உரியது, மற்றவை எங்கே இருந்தாலும் உதவும்.

முதலில் காது, கண், பல்

இதைச் சொன்னால் சிலர் இதுகூடத் தெரியாதா என்பார்கள். ஆனால் கேட்கும் கருவியின் பற்றரி தீர்ந்தோ, காதில் குறும்பி அடைத்தோ, கண்ணாடி மேசை லாச்சிக்குள் கிடந்தோ, பல்செட் போடாமலோ இருக்கிற ஒருவரிடம் கேள்வி கேட்டுவிட்டு "பதில் இல்லை" என்று எழுதி வைப்பது எல்லா இல்லங்களிலும் நடக்கிறது. கருவி, கண்ணாடி, பல்செட் மூன்றிலும் பெயர் பொறியுங்கள், சலவைக்குப் போகும் படுக்கை விரிப்போடு இவை காணாமல் போகும். காலையில் இவற்றைப் போட்டுவிடுவது யார் பொறுப்பு என்பது பராமரிப்புத் திட்டத்தில் எழுத்தில் இருக்க வேண்டும்.

எது போனது என்று பிரித்துப் பாருங்கள்

"பேச முடியாது" என்ற ஒரே சொல்லுக்குள் நாலு வேறு விஷயம் இருக்கிறது. பாரிசவாதத்தால் மொழியைக் கையாளும் மூளைப்பகுதி (பெரும்பாலானவர்களுக்கு இடப்பக்கம்) அடிபட்டால் வருவது அஃபேசியா. பாரிசவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இது வருகிறது. இவர்களுக்குத் தண்ணி வேணும் என்று மனதில் இருக்கும், வாயில் கதிரை என்று வரும், அல்லது ஒன்றுமே வராது. அறிவும் நினைவும் விருப்பு வெறுப்பும் இருந்த இடத்திலேயே இருக்கலாம். இரண்டாவது, வாய்த் தசை தளர்ந்து பேச்சுக் குழறுவது. இவருக்குச் சொல் தெரியும், எழுதியோ எழுத்தைத் தொட்டுக் காட்டியோ சொல்லிவிடுவார். மூன்றாவது மறதி நோய். இதில் பலருக்கு, பின்னாளில் படித்த ஆங்கிலம் முதலில் நழுவி, வீட்டுத் தமிழ் கடைசிவரை ஒட்டிக்கொண்டிருக்கும். நாலாவது, நோயே இல்லை, மொழிதான் தடை.

எங்கள் பெரியவர்களுக்கு இதில் இரண்டு மூன்று சேர்ந்தே இருக்கும். அதனால் பேச்சு மொழிச் சிகிச்சையாளர் ஒருவர் பார்க்கும்போது தமிழ் உரைபெயர்ப்பாளரோடு பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அஃபேசியா இரண்டு மொழியையும் ஒரே அளவில் தாக்கும் என்றில்லை, இரண்டும் ஒரே அளவில் திரும்பி வரும் என்றும் இல்லை. இல்லங்களில் இந்தச் சிகிச்சையாளர்களைப் பெரும்பாலும் விழுங்குவதில் சிக்கல் வந்தால்தான் கூப்பிடுகிறார்கள். கதைப்பதற்காகவும் பார்க்க வேண்டும் என்று நீங்கள் வாய் திறந்து கேட்டால்தான் நடக்கும்.

ஒரு பக்கத்தில் அவரை எழுதுங்கள்

எல்லாவற்றிலும் அதிகம் பலன் தந்தது இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். பேச முடியாத பிள்ளைகளுக்காக ஸ்கொட்லாந்தில் 1990களின் தொடக்கத்தில் "தொடர்புக் கடவுச்சீட்டு" என்று ஒன்றை உருவாக்கினார்கள். அந்தப் பிள்ளையே கதைப்பதுபோல, "நான் இப்படிச் செய்தால் இதுதான் அர்த்தம்" என்று எழுதிய சின்னப் புத்தகம். அதே முறை முதியவருக்கும் அருமையாகப் பொருந்துகிறது. புத்தகம் வேண்டாம், ஒரு பக்கம் போதும், புதிதாக வேலைக்கு வந்த ஒருவர் கட்டில் அருகே நின்று ஒரு நிமிடத்தில் வாசித்து முடிக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதுங்கள், தமிழ்ச் சொற்களை மட்டும் ஆங்கில எழுத்தில் உச்சரிப்போடு போடுங்கள். பெரியம்மாவின் பக்கத்தில் இருந்த சில வரிகள், தமிழில்:

"என்னை 'அம்மா' என்று கூப்பிடுங்கள், திரும்பிப் பார்ப்பேன்."

"தலையை இரண்டு பக்கமும் சாய்த்து ஆட்டினால் அது சம்மதம்."

"நான் 'ஓம்' என்று சொன்னால் அது ஆம். முனகவில்லை, சாமி கும்பிடவும் இல்லை."

"என் இடப்பக்கம் வந்து நில்லுங்கள். வலப்பக்கம் நிற்பவர் என் கண்ணில் படமாட்டார்."

"சாப்பாட்டுக்கு நான் முதல் தரம் வேண்டாம் என்பது பழக்கத்தால் வருகிற மரியாதை. இரண்டு நிமிடம் கழித்து இன்னொரு தரம் கேளுங்கள்."

"உடுப்பு மாற்றவோ முழுக வார்க்கவோ வரும்போது நான் வேண்டாம் என்றால் முதல் தரமே வேண்டாம்தான். பெண் பணியாளர் வந்தால் சம்மதிப்பேன்."

கடைசி இரண்டையும் சேர்த்து வாசியுங்கள். சாப்பாட்டு விஷயத்தில் திரும்பக் கேட்பது அன்பு, உடம்பைத் தொடுகிற விஷயத்தில் திரும்பத் திரும்பக் கேட்பது வற்புறுத்தல். நாங்கள் முதலில் எழுதிய பக்கத்தில் "வேண்டாம் என்றாலும் திரும்பக் கேளுங்கள்" என்று பொதுவாகப் போட்டுவிட்டோம், ஒரு பி.எஸ்.டபிள்யூதான் வந்து இது முழுகுவதற்கும் பொருந்துமா என்று கேட்டார். அந்தக் கேள்விக்காக அவருக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். பக்கத்தை நீங்கள் மட்டும் எழுதக் கூடாது என்பதற்கும் அதுதான் காரணம். அவரைத் தினமும் எழுப்பி, துடைத்து, ஊட்டுகிறவர்களுக்கு உங்களுக்குத் தெரியாத சைகைகள் தெரிந்திருக்கும். பெரியம்மா போர்வை ஓரத்தை விரலில் சுற்றத் தொடங்கினால் கக்கூஸுக்குப் போக வேண்டும் என்று கண்டுபிடித்தது இரவுப் பணியாளர், நாங்கள் இல்லை.

முக்கியமான ஒன்று, எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டி, ஒவ்வொரு வரிக்கும் சரியா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். நோய் விவரங்களை இந்தப் பக்கத்தில் போடாதீர்கள், சுவரில் தொங்குவதை வருகிறவர் போகிறவர் எல்லோரும் வாசிப்பார்கள்.

ஆம், இல்லை: இதை உறுதி செய்யாமல் அடுத்ததுக்குப் போகாதீர்கள்

அஃபேசியா உள்ள சிலர் இல்லை என்று நினைத்து ஓம் என்று சொல்லிவிடுவார்கள். வாயை மட்டும் நம்ப வேண்டாம். பெரிய எழுத்தில் ஒரு அட்டையில் பச்சைச் சரி அடையாளமும் "ஓம்" என்ற சொல்லும், இன்னொன்றில் சிவப்புக் கோடும் "இல்லை" என்ற சொல்லும் எழுதி, விடை தெரிந்த கேள்விகளாகக் கேளுங்கள். "உங்கட ஊர் சாவகச்சேரியா?" "இது உங்கட தங்கச்சியா?" பத்துக் கேள்வியில் எத்தனை சரியாகத் தொடுகிறார், பெருவிரலை உயர்த்துவது இலேசா, கண்ணை மூடித் திறப்பது இலேசா என்று பார்த்து, ஒரு முறையைத் தேர்ந்து, எல்லோரும் அதையே பயன்படுத்துங்கள். மகளுக்கு ஒன்று, தாதிக்கு ஒன்று என்று வைத்தால் அவர் களைத்துப்போவார்.

படப்பலகையில் அவருடைய சொல் இருக்கட்டும்

படங்களுக்காகக் காசு செலவழிக்கத் தேவையில்லை. ரொறன்ரோவில் உள்ள அஃபேசியா இன்ஸ்டிடியூட் "பார்ட்டிசிபிக்ஸ்" என்ற பெயரில் தெளிவான கறுப்பு வெள்ளைப் படங்களை இலவசமாக இணையத்தில் தருகிறது. படத்துக்குக் கீழே போடும் சொல்லில்தான் நாங்கள் பிழை விட்டோம். மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு எடுத்த பலகையில் "மாத்திரை", "வலி", "கழிப்பறை", "தேநீர்" என்று இருந்தது. பெரியம்மா வாழ்நாள் முழுக்கச் சொன்னது குளிசை, நோகுது, கக்கூஸ், தேத்தண்ணி. மூளையில் அடிபட்டவருக்குத் தெரிந்த சொல்லைத் தேடி எடுப்பதே பெரும் பாடு, அதில் புத்தகச் சொல்லைக் கொடுத்தால் அவர் படத்தையும் விட்டுவிடுவார். மதுரைக்காரரின் பலகையும் யாழ்ப்பாணத்தாரின் பலகையும் ஒன்றாக இருக்க முடியாது. அவர் சொன்ன சொல்லைப் பெரிய தமிழ் எழுத்திலும், கீழே ஆங்கிலத்திலும், அதற்குக் கீழே தமிழ் உச்சரிப்பை ஆங்கில எழுத்திலும் போட்டால் பணியாளர் வாயாலும் சொல்லிக் காட்டுவார்.

தொடக்கத்தில் எட்டுப் படம் போதும். அதில் ஒன்று கட்டாயம் "இது இல்லை, வேறொன்று" என்று இருக்க வேண்டும், அது இல்லாவிட்டால் அவர் கேட்க நினைப்பது பலகையில் இல்லை என்று சொல்லவே வழி கிடையாது. தண்ணி, குளிர், நோவு என்று தேவைகளோடு நிறுத்தாதீர்கள். "பிள்ளைகள் எங்கே", "ஊர்க்கதை சொல்", "கோபமாக இருக்கிறேன்", "தனியாக விடு" என்பவையும் வேண்டும். பிளாஸ்ரிக் உறையிட்டு, கை போகிற பக்கத்தில், சக்கர நாற்காலியிலேயே கட்டிவிடுங்கள். மேசையில் வைத்த பலகை மேசையிலேயே கிடக்கும்.

விருப்பங்களைக் கேட்பதற்கு இன்னொரு முறை உண்டு. ஸ்கொட்லாந்தின் ஸ்டேர்லிங் பல்கலைக்கழகத்தில் தோன்றிய "டோக்கிங் மாட்ஸ்". ஒரு பாயின் மேல் விளிம்பில் பிடிக்கும், நடுத்தரம், பிடிக்காது என்று மூன்று அடையாளம், கீழே ஒவ்வொரு படமாகக் கொடுத்து எந்த அடையாளத்தின் கீழ் வைப்பது என்று அவரையே வைக்கச் சொல்வது. மறதி நோய் உள்ளவர்களோடும் பயன்படுத்துகிறார்கள்.

கதைக்கும் முறை

1979 ல் பட் அராட்டோ என்பவர், தன் கணவருக்குப் பாரிசவாதத்தால் பேச்சுப் போனதன் பிறகு, ரொறன்ரோவில் தொடங்கிய மையம்தான் இன்றைய அஃபேசியா இன்ஸ்டிடியூட். அங்கே ஓரா கேகன் உருவாக்கிய "ஆதரவோடு உரையாடல்" முறையை நான் பார்க்கிற எல்லோருக்கும் சொல்கிறேன். அடிப்படை எளிது: உங்களுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும் என்பதை முதலில் வாய்விட்டுச் சொல்வது. பிறகு மூன்று வேலை. நீங்கள் சொல்வது அவருக்குள் போக வேண்டும், அவர் சொல்வது வெளியே வர வேண்டும், வந்தது சரியா என்று பார்க்க வேண்டும்.

செய்து பார்த்தால் இப்படி இருக்கும். மகள் சனிக்கிழமை வருகிறாள், என்ன சமைத்துக்கொண்டு வருவது என்று கேட்க வேண்டும். தொலைக்காட்சியை நிறுத்துங்கள். மகளின் படத்தைக் காட்டி "சனி" என்று தாளில் எழுதுங்கள். "பெரியம்மா, உங்களுக்கு எல்லாம் விளங்குது, சொல்லுதான் வருகுதில்லை, எனக்குத் தெரியும்" என்று சொல்லுங்கள். பிறகு "புட்டு / இடியப்பம் / வேறொன்று" என்று மூன்றை ஒன்றின்கீழ் ஒன்றாகப் பெரிதாக எழுதி அவர் முன்னால் வைத்து, வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். பத்து விநாடி வரை காத்திருப்பது கதைக்கிறவருக்கு ஒரு யுகம் மாதிரி இருக்கும், பரவாயில்லை, காத்திருங்கள். அவர் தொட்டதும் "இடியப்பம், சனிக்கிழமை, மகள் கொண்டுவாறா, சரியா?" என்று திருப்பிச் சொல்லி ஓம் அட்டையைத் தொடவிடுங்கள். குழந்தையோடு கதைக்கும் குரல் வேண்டாம். சத்தமும் வேண்டாம், அவருக்குக் காது கேட்கும்.

இது படித்தவர்கள் மட்டும் செய்கிற வித்தை இல்லை. 2001 ல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் இந்தப் பயிற்சி பெற்ற 20 தொண்டர்களையும் பெறாத 20 பேரையும் ஒப்பிட்டார்கள். பயிற்சி பெற்றவர்களின் உரையாடல் மேம்பட்டது மட்டுமல்லாமல், பயிற்சியே பெறாத நோயாளிகளும் அவர்களோடு கதைக்கும்போது கூடுதலாகத் தங்கள் கருத்தைச் சொன்னார்கள். சுற்றியிருக்கிறவர் மாறினால் பேச்சுப் போனவருக்கு வழி திறக்கிறது.

எல்லோரையும் ஒரு மேசைக்குக் கொண்டுவாருங்கள்

ஒன்ராறியோ ஒழுங்குவிதிகளின்படி, ஒருவர் இல்லத்துக்கு வந்து ஆறு வாரத்துக்குள் பராமரிப்புக் கூட்டம் நடத்த வேண்டும், அதன்பின் வருடத்துக்கு ஒரு தடவையாவது. குடும்பத்தாருக்கும், முடியுமானால் அவருக்கும் அதில் இடம் உண்டு. அந்தக் கூட்டத்துக்கு மேலே சொன்ன ஒரு பக்கத்தோடு போங்கள். ஒழுங்குவிதி 246/22 இல் இன்னொன்றும் இருக்கிறது, பேச்சுத் திறன் குறைந்தவர்களுக்கும், அறிவாற்றல் குறைந்தவர்களுக்கும், இல்லத்தில் புழங்கும் மொழி தெரியாதவர்களுக்கும் ஏற்ற தொடர்பு முறைகளை இல்லம் உருவாக்கி நடைமுறைப்படுத்த வேண்டும் என்று. இதைச் சண்டை பிடிக்கச் சொல்லவில்லை, "இதற்கு என்ன முறை வைத்திருக்கிறீர்கள், நாங்கள் எதில் உதவலாம்" என்று கேட்டாலே உரையாடல் வேறு மாதிரிப் போகும்.

கூட்டத்தில் மூன்று விஷயம் முடிவாக வேண்டும். அந்தப் பக்கம் எங்கே தொங்கும், கணினிப் பதிவில் எங்கே ஏறும், புதிய பணியாளருக்கு அதைக் காட்டுவது யார். மூன்றாவதில்தான் எல்லாம் வழுக்கும். ஒரு ஆளின் பதவியைப் போட்டு எழுதிக் கொள்ளுங்கள்.

பலருக்குத் தெரியாத இன்னொரு இடம் மதிப்பீட்டுப் படிவம். இல்லங்களில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நிரப்பும் படிவத்தில், தன்னைப் பிறருக்கு விளங்கவைக்க முடிகிறதா என்ற கேள்வி உண்டு. அதற்கு வரும் விடை அறிவாற்றல் குறைவைக் கணிக்கும் புள்ளியிலும் சேர்கிறது. அதாவது ஆங்கிலத்தில் மட்டும் கேட்டு, "விளங்கவில்லை" என்று பதிந்தால், மறதி நோய் உண்மையில் உள்ளதைவிட மோசமாக இருப்பதாகத் தாளில் வரலாம். படிவம் நிரப்பும் வாரத்தில் பலகையோடும் தமிழ் தெரிந்த ஒருவரோடும் பார்க்கச் சொல்லுங்கள். சட்டப்படி சிகிச்சைக்குச் சம்மதம் சொல்லும் ஆற்றல் ஒருவருக்கு இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும், பேச வரவில்லை என்பது மட்டும் ஆற்றல் இல்லை என்று ஆகிவிடாது.

நோவு

நம் பெரியவர்கள் நோகுதா என்றால் "பரவாயில்லை" என்பார்கள். ஒன்றிலிருந்து பத்துவரை எண் சொல் என்பது அவர்களுக்குப் பொருளற்ற கேள்வி. முகப் படங்களைக் காட்டுங்கள், உடம்புப் படத்தில் இடத்தைத் தொடச் சொல்லுங்கள். மறதி நோய் முற்றியவருக்குத் தாதியர் பயன்படுத்தும் "பெய்னட்" அளவுகோல் மூச்சு, குரல், முகம், உடல் அசைவு, ஆறுதலுக்கு இணங்குவது என்ற ஐந்தையும் பார்த்துப் பத்துக்குப் புள்ளி போடுகிறது. அதைப் பயன்படுத்துகிறீர்களா என்று கேளுங்கள், அவர் நோவில் எப்படி இருப்பார் என்பதை நீங்கள் சொல்லுங்கள். பெரியம்மா நோவில் சத்தம் போடமாட்டார், ஒன்றும் பேசாமல் கண்ணை மூடிக்கொள்வார். நித்திரை என்று எழுதியிருந்தார்கள்.

தொண்டராகப் போகிறவர்களுக்கு

உங்கள் வீட்டு ஆள் அங்கே இல்லாவிட்டாலும், வாரத்துக்கு ஒரு மணித்தியாலம் தமிழில் கதைக்க ஒருவர் வருவது அந்தக் கட்டிலில் இருப்பவருக்கு எவ்வளவு பெரிது என்று நேரில் பார்த்தால்தான் விளங்கும். 2020 மார்ச்சில் ஒன்ராறியோ இல்லங்களின் கதவுகள் பார்வையாளருக்கு மூடியபோது, தமிழ்ச் சத்தமே காதில் விழாமல் மாதக் கணக்கில் இருந்தவர்கள் உண்டு. இல்லத்தின் தொண்டர் ஒருங்கிணைப்பாளரிடம் பதிந்து போங்கள். இரண்டு எச்சரிக்கை மட்டும். தாதியிடம் கேட்காமல் ஒரு வாய் தேத்தண்ணிகூடக் கொடுக்காதீர்கள், தடிப்பாக்கிய பானம் மட்டும் குடிக்க வேண்டியவருக்குச் சாதாரண தண்ணி நுரையீரலுக்குள் போகக்கூடும். சிகிச்சை முடிவு, சம்மதம், கெட்ட செய்தி இவற்றுக்கு நீங்கள் உரைபெயர்க்க வேண்டாம், அதற்குப் பயிற்சி பெற்ற உரைபெயர்ப்பாளரை இல்லம் ஒழுங்கு செய்யட்டும். பேரப்பிள்ளைகளையும் அந்த இடத்தில் நிறுத்தாதீர்கள்.

ஒரு கட்டிலில் இருந்து முழு மாடிக்கு

உங்கள் பலகை வேலை செய்யத் தொடங்கியதும் பக்கத்துக் கட்டில்காரரின் மகள் வந்து கேட்பார். அப்போதுதான் குடும்பப் பேரவை உதவும். ஒவ்வொரு இல்லத்திலும் வசிப்போர் பேரவை இருக்க வேண்டும். குடும்பத்தார் சேர்ந்து குடும்பப் பேரவையும் அமைக்கலாம், இல்லம் தடுக்க முடியாது. பேரவை எழுத்தில் வைக்கும் கவலைக்கும் பரிந்துரைக்கும் இல்லம் 10 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். எங்கள் பேரவை ஒன்றே ஒன்றுதான் கேட்டது: புதிதாகச் சேரும் பணியாளருக்கு அரை மணி நேரம், குடும்பத்தார் வந்து தலையாட்டலையும் இருபது தமிழ்ச் சொல்லையும் சொல்லித்தர அனுமதி. கிடைத்தது. அடுத்த மாதம் கன்டோனீஸ் பேசும் குடும்பங்களும் சேர்ந்தன. பிலிப்பீன்ஸ் பி.எஸ்.டபிள்யூ ஒருவர் "நோகுதா அம்மா" என்று கேட்டதும் பெரியம்மா இடக்கையால் அவர் கன்னத்தைத் தொட்டார்.

இனி ஒரு சின்ன வேலை, ஆனால் மறக்க வேண்டாம். அந்த ஒரு பக்கத்தின் இரண்டு பிரதியும் ஓம்/இல்லை அட்டைகளும் ஒரு தடித்த உறையில் போட்டு, வெளியே பெயரெழுதி, சக்கர நாற்காலியின் பின்பைக்குள் வையுங்கள். இரவு ஒரு மணிக்கு அம்புலன்ஸ் வரும்போது இல்லத்தில் தெரிந்த முகம் எதுவும் இருக்காது, அவசர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர்கள் அவரை முதல் தடவை பார்ப்பார்கள், நீங்கள் போய்ச் சேர நேரமெடுக்கும். உறை அவரோடு போக வேண்டும் என்று இரவுத் தாதியிடம் சொல்லி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை உறையைத் திறந்து, மாறியதை மாற்றுங்கள்.